மறந்தவர் யாருடையவர்?

வயது முதிர்ந்த ஒருவர் தாம் பெற்ற மகளையே பார்த்து நீ யாரம்மா என்று கேட்கும் நாள் வந்துவிட்டால், அந்த வீட்டில் மூன்று விதமான பேச்சு எழும். வயசானா ஞாபகம் தப்பத்தானே செய்யும் என்பது ஒன்று. எந்த ஜென்மத்துப் பாவமோ, தலையெழுத்து என்பது இரண்டாவது. அவங்க அம்மாவுக்கும் கடைசியில் இப்படித்தான் ஆச்சு, அது ரத்தத்திலேயே இருக்கு என்பது மூன்றாவது. வடசென்னையின் எம்.கே.பி. நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பானாலும் ராயபுரத்துச் சந்து வீடானாலும் இந்த மூன்றும் கலந்தேதான் ஒலிக்கும். மூன்றாவது பேச்சுக்கு இன்று அறிவியலின் துணை சேர்ந்திருப்பதால், அதை இரண்டாவதற்கு வந்த புதுப் பெயராக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பரவிவருகிறது: அன்று வினை என்றோம், இன்று ஜீன் என்கிறோம், விஷயம் ஒன்றுதான் என்று. அப்படி ஒன்றாக்குவது அறிவியலுக்கும் பொருந்தாது, சமயத்துக்கும் பொருந்தாது. மரபணு நம் நினைவுத்திறனை ஆழமாகவே பாதிக்கிறது. அந்த உண்மையை முழுதாக ஏற்றுக்கொண்டால், ஒருவரின் ஆளுமையையும் அவர் கடவுளோடும் மனிதரோடும் கொண்ட உறவையும் அவருடைய ஞாபகத்தின்மேல் கட்டி வைத்திருக்கும் நம் நினைப்பைத்தான் கைவிட வேண்டியிருக்கும்.

முதலில் சான்றுகள். ஸ்வீடனில் 80 வயதைத் தாண்டிய இரட்டையரை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வில், நினைவுத்திறனில் ஆளுக்கு ஆள் தெரிந்த வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழிப்பட்டது என்று கண்டார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1993இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 19ஆம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.ஓ.இ. என்ற மரபணுவை அல்சைமர் நோயோடு தொடர்புபடுத்தினார்கள். கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணு அது. மனிதரிடம் அது பெரும்பாலும் மூன்று வடிவங்களில் காணப்படுகிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. ஐரோப்பிய வம்சாவளியினரில், நான்காம் எண் வடிவம் ஒன்று வாய்த்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. இரண்டும் அதே வடிவமாக அமைந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் சில பெருங்குடும்பங்களில் ஓடும் வேறொரு மரபணுப் பிறழ்வு இன்னும் கொடியது. அதைப் பெற்றவர்களுக்கு நாற்பதுகளிலேயே ஞாபகம் குலையத் தொடங்குகிறது. நோயை விட்டு அன்றாட மறதிக்கு வந்தால் சான்று மெலிகிறது. பி.டி.என்.எஃப்., கிப்ரா முதலிய மரபணுக்களின் சிறு மாற்றங்கள் சொற்பட்டியலையோ நிகழ்ச்சியையோ நினைவுகூரும் திறனைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன என்று 2003லும் 2006லும் வந்த ஆய்வுகள் கூறின. பின்னால் வந்தவை எல்லாம் அதை ஒரே குரலில் உறுதிப்படுத்தவில்லை. நினைவுக்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாது. மிகச் சிறிய பங்குள்ள பல சேர்ந்தே வேலை செய்கின்றன.

பாதி மரபு என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். இதில் தடுக்கி விழுபவர்கள் படித்தவர்களிலும் அதிகம். ஒரு மனிதரின் நினைவில் பாதியை ஜீன் தந்தது, மீதியை வாழ்க்கை தந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள்கூட்டத்தில், அவர்கள் வாழும் குறிப்பிட்ட சூழலில், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபால் விளைந்தது என்பதே அந்தக் கணக்கு. சூழல் மாறினால் கணக்கும் மாறும். நைஜீரியாவின் இபாதான் நகரத்து மக்களிடம் அதே நான்காம் வடிவம் பரவலாகவே இருக்கிறது, ஆனால் அங்கே அது நோயோடு கொண்ட தொடர்பு மிக மெலிது. கொலம்பியக் குடும்பங்களிலும் ஒரு விதிவிலக்கு வெளிப்பட்டது. அந்தக் கொடிய பிறழ்வைச் சுமந்த ஒரு பெண் எழுபதுகளை எட்டும்வரை தெளிவாக இருந்ததாக 2019இல் செய்தி வந்தது, ஏ.பி.ஓ.இ. மரபணுவின் மிக அரிய வடிவம் ஒன்று அவருக்கு இரட்டையாக வாய்த்திருந்தது.

நம் பக்கத்துச் சான்று இதைவிட முக்கியமானது. ஐதராபாத்தில் டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் கண்டவர்கள் 648 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் எழுதினார்கள்: இரண்டு மொழி பேசுபவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட, நோய் சுமார் நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தென்பட்டது. தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் வடசென்னையில், பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியமர்ந்தவர்கள் வாழும் இடத்தில், இது யோசிக்க வேண்டிய செய்தி. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டி மீன் விற்கும் இடத்தில் ஒரு மொழியும் வீட்டில் ஒரு மொழியும் பேசியது, அவருடைய மூளைக்குக் கல்வியாகவே அமைந்திருக்கலாம். 2024இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 விழுக்காடு, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்கிறது. இளமையில் கல்வியின்மை, காது கேளாமை, இரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் அடக்கம். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்க் காற்றையும் துறைமுகத்து இயந்திர இரைச்சலையும் அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புத்தகச் செய்தியாக மட்டும் படாது.

பயிற்சியின் வலுவுக்குத் தமிழிலேயே சான்று உண்டு. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். ஒரே அமர்வில் நூறு விஷயங்களை மனத்தில் ஏந்தி, இடையில் கேட்கும் வெண்பாவையும் பாடி, மணியோசையையும் எண்ணி, எல்லாவற்றையும் பிசகாமல் திருப்பிச் சொல்லும் கலை அது. அவதானம் பிறவிப் பரிசு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் நினைவுப் போட்டி வீரர்களின் முறையைச் சாதாரண மனிதர்களுக்கு 40 நாள், தினம் அரை மணி நேரம் பழக்கிப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. 72 சொற்களில் சராசரியாக 26 சொல்ல முடிந்தவர்கள் பயிற்சியின் முடிவில் 62 சொன்னார்கள். எரிக் காண்டலுக்கு 2000இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆராய்ச்சி இதற்கு உள்ளே நடக்கும் இயக்கத்தைக் காட்டியது. ஒரு நினைவு நெடுநாள் நிற்க வேண்டுமானால் நரம்பணுவுக்குள் சில மரபணுக்கள் விழித்தெழுந்து புதுப் புரதங்களை உண்டாக்க வேண்டும். அவற்றை எழுப்புவது நாம் படித்ததும் பழகியதும். மரபணு நினைவை ஆள்கிறது என்பது எவ்வளவு மெய்யோ, நாம் நினைக்கும் செயல் மரபணுக்களை வேலை வாங்குகிறது என்பதும் அவ்வளவு மெய்.

இனி ஜீன்தான் வினை என்ற வாதத்துக்கு வருவோம். வினைக்கொள்கையின் உயிர்நாடி, செய்தவனே அனுபவிப்பான் என்பது. மரபணு அதற்கு நேர் எதிர். தாயும் தந்தையும் தந்ததை, நான் எதுவும் செய்யும் முன்பே, நான் பெறுகிறேன். ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு ஒரு வடிவமும் தம்பிக்கு இன்னொரு வடிவமும் வாய்ப்பதில் இருவரின் தகுதிக்கும் இடமே இல்லை. இந்த முரணை நம் சிந்தனையாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய பௌத்த இயக்கம் வேரூன்றிய இடங்களில், எம்.கே.பி. நகருக்கு அடுத்துள்ள பெரம்பூரும் ஒன்று. அந்த இயக்கத்தின் பெரும் அறிவாளியான லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலில், ஆன்மா கூடு விட்டுக் கூடு பாய்கிறது என்பதை ஒதுக்கினார். பெற்றோர் வழியாகவும் சமூகத்தின் வழியாகவும் குணங்கள் தலைமுறை தாண்டித் தொடர்வதையே வினையின் தொடர்ச்சியாக விளக்கினார். அந்த நூலின் மறுபதிப்புக்கு 1948இல் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். அவர் தம்முடைய கடைசி நூலான புத்தரும் அவர் தம்மமும் என்பதில் இன்னும் கறாராகக் கேட்டார். குழந்தை பெற்றோரிடமிருந்து உடலை மட்டும் பெறுகிறது, குணமெல்லாம் எங்கிருந்தோ வந்து புகும் ஆன்மாவின் பழவினை என்றால், பரம்பரை பற்றி அறிவியல் சொல்வதை என்ன செய்வது என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்விக்கு நேரான பதில் இன்னும் வரவில்லை. தன் வினைக்கேற்ற ஜீன்களுள்ள கருவை ஆன்மா தேடிப் புகுகிறது என்று சிலர் இணக்கம் காண்கிறார்கள். அதைப் பொய்யென்று நிறுவவும் வழியில்லை, மெய்யென்று நிறுவவும் வழியில்லை. அது செய்யும் ஒரே காரியம், ஞாபகம் இழந்து தவிக்கும் மூதாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. அதைச் சமயம் என்று ஏற்க மனம் ஒப்பவில்லை.

இந்த வாதத்துக்குள் மறைந்திருக்கும் இன்னொன்றையும் வெளியே இழுத்துவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த குலத்தாருக்கு நினைவாற்றல் ரத்தத்திலேயே ஊறியது, உடலுழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கு அது வராது என்ற பேச்சு முன்பு பிறப்பின் பெயரால் நடந்தது. இன்று ஜீன் பெயரால் நடக்கிறது. வேதங்களைத் தொகுத்த வியாசர் வழிபட்ட தலமென்று மரபு சொல்லும் வியாசர்பாடியைச் சுற்றி வாழ்பவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள் என்பதால், இங்கே இந்தப் பேச்சு வலிக்கும். சான்று அதற்குத் துணை நிற்கவில்லை. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் தெரியும் மரபு வேறுபாட்டை வைத்து, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க முடியாது. ஒரு பிள்ளைக்குப் பள்ளியும் சோறும் அமைதியும் கிடைத்து, இன்னொரு பிள்ளைக்கு அவை கிடைக்காதபோது அது அறவே முடியாது.

அப்படியானால் நினைவை இழந்தவர் யார்? கண்டவனே பின்னால் நினைக்கிறான், ஆகவே இரண்டு காலத்திலும் நிற்கும் ஆன்மா ஒன்று உண்டு என்று நியாய மரபினர் வாதித்தார்கள். ஆன்மாவுக்குச் சாட்சியாகவே அவர்கள் நினைவை நிறுத்தினார்கள். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் அதற்கும் ஒரு படி மேலே போய், நினைவு எட்டும் தூரம்வரைதான் ஒருவர் அதே ஆள் என்றார். மரபணுச் சான்று இந்த இரண்டையும் நெருக்குகிறது. 19ஆம் குரோமோசோமின் ஒரு துணுக்கு சாட்சியையே கலைத்துவிடுமானால், அந்தச் சாட்சியை நம்பி நிறுத்திய வழக்கு என்ன ஆவது? சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் உறுதியாக நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில், மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கில் எதுவும் உயிர் ஆகாது என்று பிரித்துக் காட்டினார். நினைக்கும் கருவியான சித்தமும் மாயையிலிருந்து தோன்றிய சடப்பொருள்தான். அரசன் அமைச்சர்களைக் கொண்டு ஆள்வதுபோல உயிர் இவற்றைக் கொண்டு அறிகிறது. கருவி சடம் என்று ஏற்றுக்கொண்ட கொள்கைக்கு, அந்தச் சடத்தின் திறம் பெற்றோர் தந்த இன்னொரு சடப்பொருளால் கூடும் குறையும் என்ற செய்தி அதிர்ச்சி தராது.

பொருள்முதல்வாதி இங்கே குறுக்கிடுவார். நினைவை உடலுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். நாளை நிதானம், இரக்கம், கூச்சம் எல்லாமே மூளையின் வேலை என்று தெரியும்போது ஒவ்வொன்றாக விட்டுக்கொடுப்பீர்கள். கடைசியில் உயிர் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது என்பார். நெற்றிப்பக்க மூளை சிதையும் வகை டிமென்ஷியாவில் நல்லவர் ஒருவரின் குணமே மாறிப்போவதை மருத்துவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். இந்த வாதத்தின் கனத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. சித்தாந்தமும் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. கருவிகளோடு கூடாத உயிர் ஒன்றும் அறியாத இருளில் கிடக்கும் என்றுதான் கேவல நிலையை அது விவரிக்கிறது. உயிர் உண்டு என்பதை மரபணு ஆராய்ச்சி நிறுவாது. இல்லை என்று காட்டவும் அதனால் முடியாது. அது தகர்ப்பது ஒன்றைத்தான்: ஆள் என்றால் அவருடைய நினைவுக் குவியல் என்ற சமன்பாட்டை. உயிரை ஏற்கும் மெய்கண்டாரும் ஏற்காத பெரம்பூர்ப் பௌத்தரும் அந்தச் சமன்பாட்டை மறுப்பதில் ஒன்றுபடுகிறார்கள். 1953இல் அறுவை சிகிச்சையால் புது நினைவு கொள்ளும் ஆற்றலையே இழந்த அமெரிக்கர் ஹென்றி மோலைசன், 2008இல் இறக்கும்வரை நற்பண்பும் நகைச்சுவையும் உள்ளவராகவே அறியப்பட்டார். செய்து பழகியது ஞாபகமே இல்லாமல் புதுக் கைவேலையில் தேர்ச்சியும் பெற்றார்.

நினைவு இல்லாமலும் உறவு நிற்கும் என்பதற்கு நம் மரபு வைத்திருக்கும் மிகப் பெரிய வழக்கு அதே வெண்ணெய்நல்லூரில்தான் நடந்தது. மணப்பந்தலில் நின்ற சுந்தரரை, நீ எனக்கு வழிவழி அடிமை என்று கிழ வேதியராக வந்த இறைவன் தடுத்ததையும், பாட்டனார் எழுதிக் கொடுத்த ஆளோலையைக் காட்டியதையும் சேக்கிழார் விரிவாகச் சொல்கிறார். சுந்தரருக்கு அப்படி ஒரு பந்தம் இருந்ததாக நினைவே இல்லை. ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலைதான்; மூல ஓலையைச் சபையார் வாங்கி, பாட்டனாரின் வேறு எழுத்தோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பளிக்கிறார்கள். தனக்கு முன்னே எழுதப்பட்ட ஒன்று தன்னைக் கட்டுகிறது என்ற செய்தியும், அதை மறந்தவனை ஆண்டவன் கைவிடவில்லை என்ற செய்தியும் ஒரே கதையில் வருகின்றன. ஞாபகம் இருந்தது கட்டுண்டவனிடம் இல்லை. ஓலையிடமும் சபையிடமும் ஆட்கொண்டவனிடமும் இருந்தது. பின்னால் திருவொற்றியூர் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குப் பிரியேன் என்று சத்தியம் செய்தவர் அதை மீறுகிறார். அங்கே குற்றம் மறதியால் வரவில்லை. வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைவு பொங்கியதால்தான் அவர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண்ணை இழந்தார். மறந்தவனைத் தேடி வந்து ஆட்கொண்ட அதே கடவுள், தெரிந்தே மீறியவனைத் தண்டிக்கிறார். மறதிக்கும் மீறலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

பக்தி என்பதே இடைவிடாத நினைவுதானே, காரைக்கால் அம்மையார் மறவாமையைத்தானே வரமாகக் கேட்டார் என்று பக்தர் கேட்கலாம். அவர் கேட்டது வரம் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் முயற்சியால் கைவருவதை யாரும் வரமாகக் கேட்பதில்லை. நினைவு கொடுக்கப்படுவது, ஆகவே எடுக்கப்படவும் கூடும் என்ற தெளிவு அந்த வேண்டுதலுக்குள் இருக்கிறது. வழிபாட்டு நடைமுறையும் இதை ஒத்துக்கொண்டே நடக்கிறது. அர்ச்சனைத் தட்டோடு நிற்பவர் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், கூட வந்த மருமகள் சொல்கிறாள், அர்ச்சகர் ஏற்கிறார். ராயபுரம் புனித பேதுரு ஆலயம் போன்ற கத்தோலிக்கக் கோவில்களில், பேசத் தெரியாத குழந்தைக்காக ஞானப் பெற்றோர் விசுவாச வாக்குறுதி கொடுக்கிறார்கள். வாழ்வின் தொடக்கத்தில் பிறர் நினைவை ஏற்கும் திருச்சபை, முடிவிலும் அதை ஏற்பதற்குத் தடை ஏதுமில்லை. உறங்குபவர், குழந்தை, புத்தி தெளிவில்லாதவர் ஆகிய மூவர்மீதும் செயலேடு எழுதும் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது இஸ்லாமியச் சட்டத்தின் பழைய கோட்பாடு.

கடினமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. புதியது முதலில் அழியும், பழையது கடைசிவரை நிற்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881இல் வகுத்த விதி அல்சைமர் நோயில் பெரும்பாலும் பலிக்கிறது. கலப்பு மணமும் மதமாற்றமும் நடக்கும் வடசென்னையில் இதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம். திருமணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்று ஐம்பது ஆண்டுகள் ஜெபமாலை சொன்ன ஒரு பெண், நோய் முற்றியபின் சிறுவயதில் கேட்ட அம்மன் பாட்டை முணுமுணுக்கக் கூடும். இருதரப்பிலும் உறவினர் இதை வெற்றி தோல்வியாகப் பார்ப்பார்கள்: கடைசியில் உண்மையான நம்பிக்கை வெளியே வந்துவிட்டது என்று ஒரு சாரார், இது பெரும் வீழ்ச்சி என்று இன்னொரு சாரார். இரண்டுமே நினைவைத்தான் ஆளாக எண்ணும் பிழை. பாட்டு மிஞ்சியதற்குக் காரணம் மூளைத் திசு எந்த வரிசையில் சிதைந்தது என்பது. அந்த வரிசையில் அவருடைய தேர்வுக்கு இடமில்லை. அவர் முழுத் தெளிவோடு கொடுத்த வாக்கு, அதைக் கேட்டு நின்றவர்களிடம் இன்னும் இருக்கிறது. அவருக்காக ஜெபமாலையைப் பிள்ளைகள் சொல்லலாம். அவர் பாடும்போது குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை. அந்தப் பாட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்த தாயின் வாக்கும் அப்படித்தான் எங்கோ காக்கப்பட்டு வருகிறது.